மருந்துக் கால்

ஏலக்காய்த் தோட்ட வேலை முடிந்து போடிமெட்டு மலையிலிருந்து இறங்குகிற ஜீப்பில் ரத்தம் குடிக்கிற அட்டை வருவது புதிதில்லை. சேலை மடிப்பில், மழைத்தாளின் ஓரத்தில், தூக்குவாளியின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒன்றிரண்டு எப்படியும் போடி வரைக்கும் வந்து சேரும். வந்த இடத்தில் வெயில் பட்டுச் சுருண்டும் போகும். ஆனால் அட்டையை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, ஈரப்பாசி வைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக் கூட்டி வந்தவள் அன்னக்கொடி ஒருத்திதான்.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எதிரே லோடு லாரி வந்துவிட்டது. ஜீப் ஓட்டுகிற ஒச்சப்பன் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பாட்டில் உருண்டது, மூடி கழன்றது. அப்புறம் என்ன, ஜீப்புக்குள் இருந்த அத்தனை பொம்பளைகளும் காலைத் தூக்கிக்கொண்டு சீட்டின் மேல் குத்தவைத்துவிட்டார்கள்.

"அடியே மதினி, உன் சனம் என் சேலைக்குள்ள போகுதுடி!" என்று அலறினாள் பாண்டீஸ்வரி. அன்னக்கொடியின் கணவனுக்குச் சின்னம்மா மகள். காய் எடுப்பதில் கெட்டிக்காரி, வாயிலும் கெட்டிக்காரி.

"மிதிச்சுராதீகடி! புள்ள உசுரோட கேட்டிருக்கா!"

"நாள் பூரா மேல கடி வாங்குறது பத்தாதா? வீட்டுக்கு வேற கூட்டிட்டுப் போகணுமா?"

"தங்கச்சி, நாளையிலருந்து அட்டைக்கும் சேத்து சீட்டுக்காசு கேப்பேன், பாத்துக்க" என்றார் ஒச்சப்பன், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

உயிரோடு கேட்ட அந்தப் பிள்ளை கற்பகம், அன்னக்கொடியின் ஒரே மகள். போடியில் பெண்கள் பள்ளியில் பதினொன்றாவது படிக்கிறாள். அவளும் அவள் சேக்காளி ரமீஸாவும் அறிவியல் ஆய்வுப் போட்டிக்கு எடுத்துக்கொண்ட பொருள்தான் அட்டை. மற்ற பிள்ளைகள் ரோபோ, ராக்கெட் என்று போய்க்கொண்டிருக்க, இதுகள் இரண்டும் அட்டைக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் வேறு எதுவும் இல்லை, அன்னக்கொடியின் கால்.

ஏலக்காய் கிளையில் தொங்குகிற காய் இல்லை. ஆளுயரத் தட்டைகளின் அடியில், மண்ணை ஒட்டி ஓடுகிற சரத்தில் காய்க்கும். அதை எடுக்க வேண்டுமென்றால் ஈரச்சருகுக்குள் காலை ஊன்றிக் குத்தவைத்துத்தான் ஆக வேண்டும். மழை பிடித்துவிட்டால் மலையில் சருகுக்குச் சருகு அட்டைதான். பொம்பளைகள் காலில் சுண்ணாம்பையும் புகையிலையையும் குழைத்துப் பூசிக்கொள்வார்கள். அட்டைக்கு அது ஆகாதுதான், ஆனால் மனுசத் தோலுக்கும் ஆகாது. நாள் முழுக்க ஈரத்தில் ஊறினால் பூசின இடமெல்லாம் வெந்து புண்ணாகிவிடும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் அன்னக்கொடி பேச்சுக்கு நடுவே கணுக்காலைச் சொறிந்துகொண்டே இருப்பாள்.

"சொறியாதம்மா" என்பாள் கற்பகம்.

"அப்ப நீ வந்து சொறிஞ்சு விடு."

இப்படியே சொல்லிச் சொல்லி வளர்ந்த பிள்ளை, கடைசியில் அதையே ஆய்வாக்கிவிட்டது.

ரமீஸாவின் அத்தா முகைதீன் பிச்சைக்கு நாட்டு மருந்துக் கடை. கடையின் பின்கட்டில் வசம்பையும், ஏலக்காய் சலிக்கும்போது உதிர்கிற தூசியையும் வேப்பெண்ணெயில் போட்டு இரண்டு பெண்களும் காய்ச்சினார்கள். தெருவே மூக்கைப் பொத்தியது. "யாவாரத்துக்கு வந்த ஆளெல்லாம் ஓடிப் போச்சு. போகட்டும், எம்மக விஞ்ஞானி ஆயிட்டாள்ல" என்று எதிர்க்கடைக்காரரிடம் பெருமை அடித்தார் முகைதீன் பிச்சை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கின பழைய சாக்ஸ்களைத் துவைத்து, பாதியை அந்த எண்ணெயில் ஊறப்போட்டார்கள்.

ஒரு விடியற்காலையில், தேனி ரோட்டில் ஜீப் நிற்கிற இடத்துக்கு இரண்டு பேரும் வந்து எல்லோருக்கும் சாக்ஸைக் கொடுத்தார்கள்.

"வலது காலு மருந்துக் காலு. இடது காலு சும்மாக் காலு" என்றாள் கற்பகம். "சுண்ணாம்பு, புகையிலை எதுவும் பூசக் கூடாது. சாயந்தரம் வந்து ரெண்டு கால்லயும் கடிச்சுச்சா கடிக்கலையான்னு உள்ளது உள்ளபடி சொல்லணும்."

"இம்புட்டுத்தானா? சொல்லிட்டாப் போச்சு" என்றாள் பாண்டீஸ்வரி.

அன்றைக்கு மேலே மழை விடவே இல்லை. வேலை முடிந்து சாக்ஸைக் கழற்றிய அன்னக்கொடி, தன் வலது காலைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மருந்துக் காலிலும் கடி. கணுக்காலில் ஒன்று ரத்தம் குடித்து உப்பி, கழன்று விழக் காத்திருந்தது. அவளுக்குக் கடி வலிக்கவில்லை. காலையில் சாக்ஸை மாட்டிவிட்டபோது மகள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாளே, அந்தச் சிரிப்புக்கு இப்போது என்ன பதில் சொல்வது என்பதுதான் வலித்தது.

ஜீப் இறங்கத் தொடங்கியதும் சொன்னாள். "இந்தாங்கடி, நான் ஒண்ணு சொல்றேன், கேப்பீகளா? கீழ ரெண்டு புள்ளைகளும் நின்னு கேக்கும். மருந்துக் கால்ல கடிக்கலன்னு சொல்லிருங்க."

"எனக்கு இன்னும் ரத்தம் நிக்கல மதினி."

"சேலைய எறக்கி விட்டுக்க."

"பொய்யா சொல்லச் சொல்ற?"

"இதுல என்னடி பொய்யி? பச்சப்புள்ள மொத மொத ஆக்குன சோறு கொழைஞ்சு போனா, கொழைஞ்சு போச்சுன்னா சொல்லுவோம்? நல்லா இருக்கு ஆத்தான்னு சொல்லித் திங்க மாட்டோமா?"

எல்லோருமே குழைந்த சோற்றை நல்லா இருக்கிறதென்று தின்றவர்கள்தான். ஒரே ஜீப்பில் போய் வருகிற சனம் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காது. ஒச்சப்பனும், "எங்காதுல எதுவும் விழலப்பா" என்று சொல்லி ஹாரனை அடித்தார்.

கீழே பிள்ளைகள் கேட்டார்கள். "கடிக்கல ஆத்தா", "ஒண்ணு கூட இல்ல கண்ணு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பாண்டீஸ்வரி மட்டும் ஒரு படி மேலே போனாள். "கிட்ட வந்துச்சு, மோந்து பாத்துச்சு, அப்படியே திரும்பி ஓடியே போச்சு."

"அட்டை ஓடுமா அத்தை?" என்றாள் ரமீஸா.

"உங்க மருந்துக்கு ஓடுச்சுடி!"

கற்பகம் அங்கேயே ரோட்டில் நின்று ரமீஸாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அதைப் பார்த்த அன்னக்கொடிக்கு, செய்தது சரிதான் என்று மனசு நிறைந்துபோனது. அன்றிலிருந்து எல்லோரும் தினமும் அந்தச் சாக்ஸோடுதான் வேலைக்குப் போனார்கள், கேட்டால் அதே பதிலைத்தான் சொன்னார்கள். வீட்டில் அவள் சொறிவதை நிறுத்தினாள். தாங்க முடியாமல் அரித்தால் குளிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொறிந்தாள். பாதம் வரை சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காரப் பழகினாள். மகளோ, அம்மா இப்போதெல்லாம் சொறிவதே இல்லை என்று ரமீஸாவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

தேனியில் நடந்த மாவட்டப் போட்டியில் அட்டை ஜெயித்துவிட்டது. செய்தித்தாளில் இரண்டு பெண்களின் படமும் வந்தது. ஒச்சப்பன் அதை வெட்டி ஜீப் கண்ணாடியில் ஒட்டினார். முகைதீன் பிச்சை ஜீப்பு சனம் அத்தனைக்கும் பிரியாணி கொடுத்தனுப்பினார். தின்றுகொண்டிருக்கும்போதுதான் கற்பகம் அந்தச் சங்கதியைச் சொன்னாள்.

"ஒரு நடுவர் நம்பவே இல்லம்மா. மருந்து போட்ட கால்ல ஒரு கடி கூடவா இல்லன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாரு. நான் சொன்னேன், சார், அது எங்க அம்மா காலு சார்னு. அதுக்கப்புறம் அவரு ஒண்ணும் கேக்கல."

அன்னக்கொடி பிரியாணியைப் பாதியில் மூடி வைத்தாள். குழைந்த சோற்றை வீட்டுக்குள் தின்றால் அதோடு போச்சு. இது ஊர் தாண்டிப் போகிறது, நாளைக்கு மாநிலப் போட்டிக்குச் சென்னைக்கும் போகும். அங்கே படித்தவர்கள் நாலு பேர் முன்னால் என் பிள்ளை என் காலைச் சாட்சி வைத்துப் பேசும். என்றைக்காவது எவனாவது இந்த மருந்தைப் போட்டுக்கொண்டு அட்டையிடம் கடி வாங்கிவிட்டு வந்து கேட்டால், தலைகுனிந்து நிற்கப் போவது யார்? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் "சோறு வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

சென்னைக்குப் போகுமுன் மலையில் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் ஏறிவிட்டார்கள். அவர்களுக்கு இரண்டு காலிலும் மருந்து சாக்ஸ்.

"மேல குளிரும்டி. இன்னொரு நாள் வாயேன்" என்று அன்னக்கொடி மன்றாடிப் பார்த்தாள்.

"இன்னொரு நாள் ஏதும்மா? அடுத்த வாரம் போட்டி."

அன்றைக்கு ஜீப்பில் பொம்பளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

தோட்டத்து மலையாளச் சூப்பர்வைசர், "எந்தா சேச்சிமாரே, இன்னு ஸ்கூல் குட்டிகளும் உண்டோ?" என்று சிரித்தார். "குட்டிகள் காய் எடுக்கான் பாடில்ல, கேட்டோ. கண்டிட்டுப் போய்க்கோட்டே." பிள்ளைகள் காய் எடுக்கக் கூடாது, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அர்த்தம்.

வேலை தொடங்கியதும் ஒரு கூத்து நடந்தது. பிள்ளைகள் எந்தப் பக்கம் போனாலும் அவர்களுக்கு முன்னால் பாண்டீஸ்வரி ஓடினாள். குச்சியால் சருகைக் கிளறி, அட்டையைத் தேடித் தேடிச் சுண்ணாம்பை வைத்தாள். இன்னொருத்தி பிள்ளைகள் உட்காரப்போகிற கல்லைச் சுற்றி உப்பைத் தூவினாள். காய் எடுக்கிற வேலையை விட்டுவிட்டு அத்தனை பேரும் அட்டை பொறுக்கினார்கள்.

"என்ன அத்தை தேடுற?" என்று கேட்டாள் கற்பகம்.

"தோடு விழுந்துருச்சு ஆத்தா."

"ரெண்டும் காதுலதான் இருக்கு."

"அட, ஆமா!" என்று பாண்டீஸ்வரி காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மழை சாரலாக விழுந்துகொண்டே இருந்தது. மதியம் ஷெட்டுக்குள் ஒதுங்கித் தூக்குவாளிகளைத் திறந்தார்கள். பழைய சோறு, கருவாட்டுத் துவையல், ரமீஸா கொண்டுவந்த முட்டைப் பொரியல். அடுப்பில் பால் விடாத கட்டன்சாயா கொதித்தது. பிள்ளைகள் இருவருக்கும் ஒரு கடி கூட இல்லை. கற்பகத்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அம்மா, நீ அந்தப் படியில உக்காரு. மருந்துக் காலை நீட்டு. சாக்ஸை எறக்கி ஒரு படம் எடுத்துக்கறேன். சென்னையில மொதப் படமே ஒன் காலுதான்."

"சோத்தத் தின்னுட்டு எடுக்கலாம்டி" என்று குறுக்கே பாய்ந்தாள் பாண்டீஸ்வரி. "எங்காலை எடு, எங்காலு செவப்பு" என்றாள் இன்னொருத்தி.

அன்னக்கொடி கையிலிருந்த சோற்றை வாளியில் போட்டாள். கையைக் கழுவினாள். படியில் போய் உட்கார்ந்து வலது காலை நீட்டி, சாக்ஸைத் தானே உருட்டி இறக்கினாள். பழைய கடிகள் கறுத்துக் கிடந்தன. புதுக்கடி ஒன்றில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பாதத்தின் மேல் ஒரு அட்டை, சாவகாசமாகக் குடித்துக்கொண்டிருந்தது.

"எடுத்துக்க ஆத்தா" என்றாள். "இதான் மருந்துக் காலு."

கற்பகம் செல்போனைத் தாழ்த்தினாள். அம்மாவின் காலைப் பார்த்தாள். சுற்றி நின்ற ஒவ்வொருத்தியையும் பார்த்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக அவர்களும் வலது கால் சாக்ஸை இறக்கினார்கள்.

"எத்தனை நாளா?"

"மொத நாளையிலருந்து."

"தேனியில அத்தனை பேருக்கு முன்னால எங்க அம்மா காலுன்னு சொன்னேனேம்மா."

"நீ ஜெயிக்கணும்னுதான்டி..."

"ஜெயிக்கணும்னு ஆரம்பிச்சனா நானு?" கற்பகம் கத்தினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. "ஒன்ன அட்டை கடிக்கக் கூடாதுன்னுதானே ஆரம்பிச்சேன். கடிக்கலன்னு நீ சொன்னதால மருந்து சரியாயிருச்சுன்னு நிறுத்திட்டேன். அன்னிக்கே சொல்லிருந்தா வேற பண்ணிருப்பேன்ல? இத்தன நாளு கடி வாங்கிட்டா இருந்த?"

அன்னக்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. மகளுக்குத் தந்தது வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மகள் தனக்குத் தர நினைத்ததைத் தானே தட்டிவிட்டுக்கொண்டிருந்தது இவ்வளவு நாளும் தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினாள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ரமீஸா அழவில்லை. கீழே குத்தவைத்து அன்னக்கொடியின் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். உப்பைத் தொட்டு அட்டையின் மேல் வைத்தாள், அது கழன்று விழுந்தது. பிறகு பாண்டீஸ்வரியிடம் கேட்டாள். "அத்தை, மருந்துக் கால்ல எப்பக் கடிக்கும்? காலையிலயா, மதியத்துக்கு மேலயா?"

"காலையில கிட்ட வராதுடி. மழையில ஊறி மருந்து வழிஞ்ச பெறகுதான் வரும்."

"இதை ஏன் நீங்க அன்னிக்கே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீக? கடிச்சுச்சா கடிக்கலையான்னுதானே கேட்டீக."

ரமீஸா கற்பகத்தைப் பார்த்தாள். கற்பகம் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கேக்கத்தான் இல்ல" என்றாள்.

இறங்கும்போது கற்பகம் அம்மாவின் பக்கத்தில் உட்காரவில்லை, முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் வாளியில் வெந்நீர் ஊற்றி, உப்பைப் போட்டு, அம்மாவின் முன்னால் வைத்தாள். "காலை வை." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் கழுவிவிட்ட கை மெதுவாகத்தான் இருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் அறிவியல் டீச்சர் அருணாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்கள். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டார். தேனியில் சொன்னது தப்பு, மறுபடி செய்து பார்த்து உள்ளதைச் சொல்கிறோம் என்றார். ஒருவேளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அன்னக்கொடி சாப்பிடாமல் கிடந்தாள். அவர்கள் வரச் சொன்னார்கள்.

முகைதீன் பிச்சை எங்கிருந்தோ தேன்மெழுகு வாங்கிவந்து கொடுத்தார். மழையில் வழியாமல் இருக்க அதை எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சினார்கள். இந்தத் தடவை எது மருந்துக் கால் என்று யாருக்கும் சொல்லவில்லை. வாடையை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று ரமீஸா எல்லா சாக்ஸிலும் அத்தரைப் பூசிவிட்டாள். காலையில் ஜீப் ஏறியபோது கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி மணத்தது.

"எது மருந்துன்னு சொல்ல மாட்டீகளா? அப்ப எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று பாண்டீஸ்வரி இடுப்பில் கை வைத்தாள்.

"இல்ல" என்றாள் கற்பகம்.

ஜீப்பே சிரித்தது. அன்னக்கொடியும் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக மகள் அவளைப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து பிள்ளைகள் எந்தக் காலில் எப்போது கடித்தது என்று தினமும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

சென்னைப் போட்டி அன்றைக்குச் சாயந்தரம், போடிமெட்டில் போனுக்குச் சிக்னல் கிடைக்கிற இடம் வந்ததும் ஒச்சப்பன் யாரும் கேட்காமலே வண்டியை ஓரங்கட்டினார். அன்னக்கொடியின் போன் அடித்தது. பாண்டீஸ்வரி பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா! மொதப் பரிசும்மா! டெல்லிக்குப் போறோம்!"

ஜீப்புக்குள் எழுந்த குலவையில் மேலே எதுவும் கேட்கவில்லை. ஒச்சப்பன் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. எல்லாம் அடங்கின பிறகு கற்பகம் சொன்னாள். "அம்மா, நீ பொய் சொன்னதையும் சொல்லிட்டேன்."

"ஐயோ, அத்தனை பேருக்கு முன்னாலயா? என் மானம் போச்சேடி!"

"நீயா காலை நீட்டிக் காட்டுனதையும் சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்கம்மா."

மேற்கே கேரளப் பக்கம் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மா, டெல்லிக்கு இன்னும் கணக்கு வேணும். இன்னைக்கு எப்படி? கடிச்சுச்சா? எப்பக் கடிச்சுச்சு?"

ஜீப்பு சனம் அத்தனையும் அன்னக்கொடியின் வாயைப் பார்த்தது. இந்த நேரத்தில், இவ்வளவு சந்தோசத்தில், ஒன்றுமே கடிக்கவில்லை என்று சொல்லிவிட அவள் நாக்கு துடித்தது. குனிந்து இரண்டு சாக்ஸையும் இறக்கிப் பார்த்தாள்.

"இடது கால்ல காலையிலயே கடிச்சுருச்சு, நாலஞ்சு இருக்கும். வலது கால்ல இப்ப ஜீப்பு ஏறையிலதான் ஒண்ணு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்டி."

அந்தப் பக்கம் பிள்ளைகள் இரண்டும் ஏதோ குசுகுசுத்தன. பிறகு கற்பகம் கேட்டாள். "எது மருந்துக் காலுன்னு சொல்லட்டுமாம்மா?"

"வேணாம் ஆத்தா, சொல்லாத" என்றாள் அன்னக்கொடி. "தெரிஞ்சா என் வாயி சும்மா இருக்காது."